கை பொறுக்குற சூடு

பூந்தி தலையை இடப்பக்கம் சாய்த்தபடியே நின்றது. நேற்று மாலை சாய்த்த தலை, இன்னும் நிமிரவில்லை. அதைத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த நாய் ஆஸ்பத்திரியில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஆனந்தவள்ளி. காந்தி மார்க்கெட் வாசலில் இட்லிக் கடை போட்டு, மூட்டை தூக்குகிறவர்களின் வாய்க்கெல்லாம் பதில் கொடுத்து அடக்குகிற பொம்பளை அவள். இன்றைக்கு டோக்கன் நம்பரை இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

டாக்டர் சுராயா, சின்ன விளக்கு வைத்த குழாயைக் காதுக்குள் நுழைத்துப் பார்த்தார். பூந்தி வீறிட்டது.

"உள்ள என்னங்க ஊத்துனீங்க?"

"பூண்டு எண்ணெய்ங்க, ரெண்டு காதுலயும். ஒரு வாரமா பிராண்டிக்கிட்டே கெடந்துச்சு, நாத்தம் வேற. எங்க வீட்ல யாருக்குக் காதுவலின்னாலும் இதான் ஊத்துவோம்."

"சூடாவா?"

"ஐயய்யோ, இல்லீங்க. கை பொறுக்குற சூடுதான். வெரல விட்டுப் பாத்துட்டுதான் ஊத்துனேன்."

டாக்டர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இருபது வருஷமாக, ஆவி பறக்கும் தட்டிலிருந்து இட்லியை வெறுங்கையால் எடுத்துப்போட்ட விரல்கள், நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தன. சாம்பார்ச் சட்டியைத் துணியில்லாமல் இறக்குவாள். "ஒனக்கு என்ன தோலா, தகரமாக்கா?" என்று கடையில் கேலி பேசுவார்கள், அவளும் பெருமையாகச் சிரித்துக்கொள்வாள். அடிப்பாவி, இந்தக் கையை நம்பியா அந்த வாயில்லாச் சீவன் காதில் ஊற்றினாய் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"உள்ள வெந்திருக்குங்க. வீக்கத்துல செவிப்பறையே தெரியல. மாத்திரை தரேன், திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் காதுக்குள்ள ஒரு சொட்டுகூட எதுவும் விடாதீங்க. வெளி மடல மட்டும் ஈரத்துணியால தொடைச்சா போதும்."

"காது கேக்குமாங்க டாக்டர்?"

"வீக்கம் வத்தட்டும். இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் லாரி ஞாபகமாகவே இருந்தது. புருஷன் மதுரைவீரன் அரியமங்கலம் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இரும்பு அறுத்தவர். சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. அவள் கடையில் இருக்கும் நேரமெல்லாம் பூந்திதான் அவருக்குக் காது. கதவு தட்டினால் லுங்கியைக் கவ்வி இழுக்கும். போன ஆனியில், முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு ரிவர்ஸில் வந்த லாரிக்கு நான்கடி முன்னால் அவரை அப்படித்தான் இழுத்துப்போட்டது. விடிந்தால் அவள் கடைக்குப் போயாக வேண்டும்.

வீட்டில் அவர் நாளைய சட்னிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை பட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்று உரக்கக் கேட்டார்.

சரியாகிவிடும் என்று கையை ஆட்டிக் காட்டினாள். அவர் நிம்மதியாகத் தலையசைத்தார். பூந்தி கதவுக்கு முதுகைக் காட்டி அவர் காலடியில் படுத்தது. காலையிலிருந்து அவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டு, அது திரும்பாவிட்டால்?

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆனந்தவள்ளி சட்டென்று அவர் காலடியைப் பார்த்தாள். பூந்தி அசையவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை மயக்கமாக இருக்கும், மாத்திரை மயக்கம்தான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் தட்டினார்கள், இன்னும் பலமாக. எழுந்து திறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மதுரைவீரன் வழக்கம்போல ஒருமுறை பூந்தியைக் குனிந்து பார்த்தார். அது சும்மா படுத்திருந்தது. வாசலில் யாருமில்லை என்று நினைத்து, அடுத்த பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.