முகம் வைத்த சிங்கங்கள்

றஊப் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூடத்துக்குள் அந்தச் சீன வாங்கு தெரிந்தது. கறுத்த வைரமரத்தில் ஆள் படுக்கும் நீளத்துக்கு இருக்கை. முதுகுப் பலகை முழுக்கக் கொடியும் பூவும்; கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு சிங்கங்கள். அவனுடைய பாட்டனாரான மூத்தப்பா பினாங்கில் கடை வைத்திருந்தபோது செய்வித்துக் கப்பலேற்றியது. மானிப்பாயில் ஒரு வீட்டில் அப்படியொன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தான்.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது விட்டுப்போன வீட்டில் இன்று கதவுகூட மிச்சமில்லை. "அந்த வாங்கையாவது கொண்டு வா, அதிலை படுத்துக் கண்ணை மூடி மவுத்தாகிறன்" என்று புத்தளத்தில் உம்மா காத்திருந்தாள்.

வாங்கில் ஒரு கிழவர் படுத்திருந்தார்.

"இவருக்குப் பாரிசவாதம், தம்பி. ஒரு பக்கம் விழுந்து ஒம்பது வருசம்" என்றாள் வீட்டுக்காரி நல்லம்மா. "கட்டிலிலை கிடத்தினா உருண்டு விழுந்திடுவார். இதுக்கு மூண்டு பக்கமும் மறிப்பு. நாலாம் பக்கம் நான்." கீழே அவளுடைய பாய் கிடந்தது.

றஊப் வந்த காரியத்தைச் சொன்னான்.

"உங்கடை எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

"எங்கடை சிங்கத்துக்கு முகம் இல்லை, அம்மா. வாப்பா கூடத்திலைதான் தொழுறவர். உருவத்துக்கு முன்னாலை தொழக்கூடாதெண்டு உளியாலை செதுக்கி விட்டவர்."

இந்தச் சிங்கங்களுக்கு முகம் இருந்தது. உருண்டை விழி, வெளியே தள்ளிய பல், கோயில் வாகனத்தில் இருப்பதுபோல.

நல்லம்மா சேலைத் தலைப்பால் கணவரின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"உங்கடை ஆக்கள் விட்டுப்போன சாமானை ஏலம் விட்டவை. எடுக்கேக்கை மொட்டையாத்தான் கிடந்தது. மூளி வீட்டுக்கு ஆகாதெண்டு வாகனம் செய்யிற ஆளைக் கொண்டு நான்தான் முகம் வைப்பிச்சன். வைச்சும் என்ன ஆச்சுது, பாருங்கோவன்." பிறகு அவனைப் பார்த்தாள். "உங்கடைதான், தம்பி. தூக்குங்கோ. இவரை எங்கை கிடத்துறதெண்டும் சொல்லிப்போட்டுத் தூக்குங்கோ."

கிழவரின் நல்ல கை தலைமாட்டுச் சிங்கத்தின் பிடரியைப் பிடித்திருந்தது. அதைப் பிடித்துத்தான் அவர் புரளுவார்போலும். அந்த இடம் மட்டும் வழுவழுவென்று மின்னியது. நல்லம்மா தந்த தேநீரைக் குடித்துவிட்டு றஊப் எழுந்தான்.

பஸ் தரிப்பிடத்தில் போன் அடித்தது.

"கிடைச்சுதா, மகன்?"

"இல்லை உம்மா. அந்தச் சிங்கத்துக்கு முகம் இருக்கு."

"அப்ப எங்கடை இல்லை." உம்மாவின் குரல் சோரவில்லை. "நீர்வேலிப் பக்கமும் ஒருக்காப் பார். நாள் போகுது, கெதியாப் பார், மகன்."

"ஓம் உம்மா, நாளைக்குப் போறன்" என்றான்.