நூற்றிருபதுக்கு எண்பது

காலை எட்டரைக்கு மடவளை பஸ்ஸில் வந்து கண்டி டவுனில் இறங்கி, மூன்றாம் மாடிக்குப் படியேறும்போதே றிப்தாவுக்கு அன்றைய நாள் முடிந்துவிட்டது போலிருக்கும். அங்கே ஒரு தாதியர் பயிற்சி நிலையம். ஆறு மாதப் படிப்பு. அவளும் அங்கே படித்தவள்தான். இப்போது வெள்ளைச் சீருடையோடு வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, சேர வருகிறவர்களிடம் படித்த கையோடு எழுபதாயிரம் சம்பளம் என்று சொல்வது அவளுடைய வேலை.

அவளும் அந்த எழுபதாயிரத்தை நம்பித்தான் படித்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தெட்டாயிரம் தந்து, கட்டில் துடைக்கவும் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகவும் விட்டார்கள். ஊசி போடத் தெரியுமா என்று கேட்டபோது, தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வந்தவளை, நிலையத்தை நடத்தும் முனாஸ் சேர் கூப்பிட்டு இந்தக் கதிரையில் இருத்தினார். இங்கும் அதே இருபத்தெட்டாயிரம்தான். வாப்பாவுக்கு வேலை இல்லாததால் அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பொய் சொல்லிச் சொல்லி நாக்குக் களைத்துப் போனதைத் தவிர வேறு குறையில்லை.

அன்று பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், மகள் சஞ்சீவனியைச் சேர்க்க வந்திருந்தாள். கட்டணத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். படியேறியதில் மூச்சு வாங்கியது. மேசையில் அழகுக்கு வைத்திருந்த பிரஷர் மெஷினைக் கண்டதும், பார்த்துச் சொல்லும்படி கையை நீட்டிவிட்டாள்.

இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? படிக்கும்போது முப்பது பேருக்கு ஒரு மெஷினை வைத்து ஒரேயொரு பிற்பகல் காட்டிக் கொடுத்த வித்தை அது. றிப்தா பட்டியைச் சுற்றினாள், காற்றடித்தாள், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நூற்றிருபதுக்கு எண்பது, நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தாள்.

தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கிளினிக்ல நூத்தி எழுவதுன்னாங்க மிஸ்ஸி. அப்ப இனி பிரஷர் குளுசை முழுங்க வேணாம். கிளினிக் போற நாளெல்லாம் சம்பளம் போகுது."

எழுபதாயிரம் என்ற பொய்யில் ஏமாந்தவர்கள் வீட்டில் இருந்து அழுதார்கள். இந்தப் பொய்யில் இந்த மனுஷி படுக்கையில் விழுந்துவிடுவாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முனாஸ் சேர் இருந்தார். கேட்டால் கேட்கட்டும்.

"குளுசைய நிப்பாட்ட வாணாம்மா. எனக்கு ஒண்டும் கேக்கல்ல. சும்மாதான் சொன்னேன். எனக்குச் சரியாப் பாக்கத் தெரியாது."

தொடங்கிய வாய் நிற்கவில்லை. தான் வாங்கும் சம்பளத்தையும் சொன்னாள். எங்கே சேர்ந்தாலும் அரசாங்கப் பதிவு இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை மாதம் பழக்குவார்கள் என்று கேட்கச் சொன்னாள். சம்பளம் என்று சொல்வதை எழுத்தில் வாங்காமல் காசைக் கொடுக்க வேண்டாம் என்றாள். சஞ்சீவனி தாயின் கையிலிருந்த காசை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த முனாஸ் சேர், நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று றிப்தாவிடம் தணிந்த குரலில் சொன்னார். அவள் தன் பையை எடுத்தாள். தாய்தான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"கொழுந்தெடுக்கப் போன புதுசுல, ஒருத்தி பக்கத்துலயே நின்னு ஒரு மாசம் எனக்குப் பழக்குனா. பழகுன நாளுக்கும் அரைப்பேருன்னு பாதிச் சம்பளம் போட்டாங்க. செடியில கை வைக்கவே அம்புட்டுப் பழக்கம் வேணும்னா, மனுசன் ஒடம்புல கை வைக்க எம்புட்டுப் பழக்கணும் சேர்? பழக்காம உடுப்ப மட்டும் மாட்டி அனுப்புனா, ஏமாந்து போறது இந்தப் புள்ளைங்க. சாகப் போறது நாங்க."