முதலில் நீங்கள் பாருங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் குற்ற உணர்ச்சியில் பிறந்தது. ஷிராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி என் பொறுப்பு. அன்று காலை அதன் விளக்கை நான் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் செயற்கை மூலக்கூறுகள் பல வகைப்படும், அவற்றுள்..." [அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

இரண்டாம் முயற்சி. எங்கள் விஞ்ஞானி மஹ்வஷ் கானும் (கானும் என்றால் அம்மையார்) கிளைமேல் கிளையாக ஒரு மூலக்கூறு கட்டினார். ஒரு தலைமுடியின் குறுக்கே எட்டாயிரத்தை நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. அது மரபணுவைக் கட்டிப்பிடித்துச் செல்லுக்குள் போக வேண்டும். போனபின் பிடியை விட வேண்டும். பதினாறு மூலக்கூறுகள் விட மறுத்தன. பதினேழாவது விட்டது. சோதனைக்கு நாங்கள் அனுப்பியது, செல்லைப் பச்சையாக ஒளிரவைக்கும் மரபணு. ஆவீஷன் என்கிற ஒன்பது வயதுப் பெண்ணின் செல்கள் இருந்த தட்டு முழுக்கத் தேடினேன். ஒரே ஒரு செல் ஒளிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மனிதர் கட்டிய ஒன்று அவ்வளவு உள்ளே போய்ச் சொன்னதை அந்தச் செல் கேட்டிருக்கிறது!

3

ஆவீஷனுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் மரபணுக் கோளாறு; மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அவள் அம்மா தூபா, ஃபஸாவிலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் மஸ்கத்தி இனிப்புப் பெட்டி. (வரைவில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழுகிற ஆளே இல்லை.)

"இது மருந்து இல்லம்மா, வெறும் வெளிச்சம். மருந்தாக இன்னும் வருஷக்கணக்காகும்" என்றார் மஹ்வஷ்.

"தெரியும் டாக்டர் கானும். வழி இருக்கான்னு என் கண்ணால பாத்துட்டுப் போறேன். நேத்து ஊசி வேணாம்னு கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டா. அவகிட்ட சொல்ல எனக்கு ஏதாவது வேணும்."

விளக்கைப் போட்டு, ஒளிர்ந்த அந்த ஒரு செல்லின் புள்ளியை நடுவில் நிறுத்தினேன். அந்த ஒளியில்தான் பச்சை தெரியும். அதே ஒளி பட்டுப் பட்டே அது மங்கியும் போகும். சில நிமிஷம்தான்.

"வாங்க, பாருங்க" என்றார் மஹ்வஷ்.

"நீங்க கட்டினது. நீங்க பாக்காம நான் எப்படிப் பாக்கறது?" என்றார் தூபா.

"பெத்தவங்க நீங்க நிக்கும்போதா? சத்தியமா மாட்டேன்."

"இதைக் கட்டின அந்தக் கை வலிக்காம இருக்கணும்" என்று எங்கள் ஊர் வழக்கப்படி நன்றி சொன்னார் தூபா. "நீங்கதான் முதல்ல."

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "இவரு பாக்கட்டும், பாவம், காலையிலேர்ந்து நிக்கிறாரு."

"உங்களுக்கு முன்னாடி நானா?" என்றேன். எங்கள் ஊரில் வாசலில் இரண்டு பேர் 'முதலில் நீங்கள்' என்று நின்றுகொண்டால் மூன்றாவது ஆள் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பெரியவர்கள் உபசாரம் பேசும்போது குறுக்கே கையை நீட்டி விளக்கை அணைப்பது மரியாதையா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

4

கடைசியில் தூபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

முடிவு அ: புள்ளி இருந்தது. "இவதான்" என்றார்.

முடிவு ஆ: இருட்டு. நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றார். அதுவும் உபசாரம்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். [இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.]

வாசகரே, எழுதியவன் நான், உங்களுக்கு முன் நான் பார்ப்பதா? தயவுசெய்து நீங்கள் குனியுங்கள். "இல்லை, நீங்கள்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.