மூத்த குழந்தையின் பெயர்

கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அன்று காலை மூன்றாவது முறையும் தப்பாக அடித்தாள்.

திரையில் சிவப்புப் பட்டை விழுந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு உதவி மையத்தை அழைத்தாள்.

"என்னக்கா, மறுபடியும் பூட்டிக்கிச்சா?"

"ஆமா தம்பி."

"சின்ன ஆபீசர் வேலையா?"

"வேற யாரு? நான் டீ எடுக்கப் போன நேரம் பாத்து வந்து தட்டிட்டான்."

"பேசாம அவருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் போட்டுடலாம்கா. ஆபீஸ்ல பாதிப் பேரு இவ்வளவு தட்டுறதில்ல." அவர் சிரித்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் விறைப்பாக்கிக்கொண்டார். "சரி, பாதுகாப்புக் கேள்வி. உங்க மூத்த குழந்தையோட பேரு என்ன?"

அவள் சொன்னாள். மூன்றே எழுத்து.

"சரியா இருக்கு," என்றார் அவர்.

அந்த இரண்டு சொற்களைக் கேட்கத்தான் அவள் கணக்கைப் பூட்டினாள்.

அவள் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எந்த வீட்டு மீட்டர் சுற்றாமல் நிற்கிறது என்பதையெல்லாம் நான்கு வருடங்களாக வீட்டிலிருந்தே பார்த்துவந்தாள். வாரியம் கொடுத்த மடிக்கணினி, நிமிடத்துக்கு ஒருமுறை புது எண் காட்டும் கட்டைவிரல் அளவுக் கருவி, கடவுச்சொல், மூன்றும் சேர்ந்தால்தான் கோப்புகள் திறக்கும். "உங்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல ஒரு சுரங்கம் மாதிரிக்கா. வெளியில இருக்கிற யாருக்கும் உள்ள போறது தெரியாது," என்று உதவி மையத்துத் தம்பி ஒருமுறை விளக்கினார். அன்று முழுவதும் அவளுக்கு அந்தச் சுரங்கமே நினைவாக இருந்தது.

இணைப்பு கொடுத்த நாளில் பாதுகாப்புக் கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். படித்த பள்ளி, பிறந்த ஊர், மூத்த குழந்தையின் பெயர். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை மடியில் உட்கார்ந்து பொத்தான்களைப் பறித்துக்கொண்டிருந்தான். மடியிலேயே பதில் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை யோசிப்பானேன் என்று அவன் பெயரையே அடித்தாள்.

அவன் போய் இரண்டு வருடமாகிறது. காய்ச்சல் என்று கொண்டுபோனார்கள், பதினோரு நாள். வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

அதற்குப்பின் அந்தப் பெயர் வீட்டுக்குள் புழங்கவில்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். சத்தம் போட்டுப் பேசி அறியாதவர். அவள் ஒருமுறை பேச்சுவாக்கில் பெயரைச் சொன்னபோது, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியவரின் முகத்தைப் பார்த்தபிறகு அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் தொலைபேசியில் ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். இந்த ஒரு பெயரை மட்டும் சேற்றைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போவாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், நிஜமாகவே மூன்று முறை தப்பாக அடித்துவிட்டாள். உதவி மையத்திலிருந்து ஒரு முகம் தெரியாத குரல் அந்தக் கேள்வியைக் கேட்டது. நான்கு மாதத்துக்குப்பின் அவள் வாய் அந்தப் பெயரைச் சொன்னது.

"சரியா இருக்கு மேடம். நல்ல பேரு. அவருதான் கீபோர்டுல விளையாடிட்டாரோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "ஆமா. சும்மா இருக்க மாட்டேங்கிறான்," என்று வந்தது.

அப்படி ஆரம்பித்தது. மாதம் ஒன்று, பிறகு இரண்டு. காலை நேரத்தில் அதே தம்பிதான் எடுப்பார். மேடம் அக்கா ஆனாள். பையன் சின்ன ஆபீசர் ஆனான். அந்தச் சுரங்கத்தின் மறுமுனையில் அவன் வளர்ந்தான். பள்ளியில் சேர்ந்தான். முன்பல் விழுந்தது. இரண்டாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசி வெளியே நிறுத்தப்பட்டான்.

"அம்மாவுக்கும் சேத்துப் பேசுறாரு போல," என்று தம்பி சொன்னபோது, அவள் இரண்டு வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்றைக்கு அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. பாதுகாப்பு அதிகாரி, கண்டிப்பான அம்மாள்.

"உங்க கணக்கு முப்பத்தோரு தடவை பூட்டியிருக்கும்மா. ஒவ்வொரு தடவையும் ‘மகன் தட்டினான்’னு உதவி மையத்துல குறிச்சிருக்காங்க. அரசாங்க கம்ப்யூட்டர் என்ன, விளையாட்டுச் சாமானா?"

"இல்லைங்க மேடம்..."

"இருங்க, அது மட்டும் இல்ல. உங்க குடும்ப விவரத்தை எடுத்துப் பாத்தேன். குழந்தைங்கிற கட்டம் காலியா இருக்கு. இங்க பையன், அங்க காலி. எது சரி?"

சென்ற வருடம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது அவளேதான். அன்று முழுக்க எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பதில் சொல்லுங்கம்மா. வீட்ல குழந்தை இல்லைன்னா அதை எழுதிக் குடுங்க. நீங்கதான் தப்பா அடிச்சீங்கன்னு ஒரு எச்சரிக்கையோட விட்டுடறேன். கேள்வியை மட்டும் வேற மாத்திக்கணும். இல்ல, பையன்தான் தொட்டான்னா அவன் பேரு, வயசு போட்டுக் குடுங்க. வீட்டு இணைப்பை ரத்து பண்ணிடுவோம். திங்கக்கிழமையிலேருந்து ஆபீஸ். ரெண்டுல எதுன்னாலும் வீட்ல இருக்கிற பெரியவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

படிவம் வந்தது. எப்படிப் பார்த்தாலும் இனி அந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை. ‘என் வீட்டில் குழந்தை இல்லை.’ நான்கே சொற்கள். எழுதிவிட்டால் இதே மேசை, இதே நாற்காலி, அவன் கிரேயான் கோடு போட்ட இதே சுவரோரம். பேனாவை வைத்தாள்; எடுத்தாள். நான்கு சொற்களில் ஒன்றுகூட எழுத வரவில்லை.

கடைசியில் இரண்டாவது பகுதியை நிரப்பினாள். கணினியைத் தொட்டவர் என்ற இடத்தில் மூன்றெழுத்துப் பெயர். உறவு, மகன். வயது, ஏழு.

சாயங்காலம் கணவர் வந்து டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து தாளை அவர் முன் வைத்தாள்.

"ஆபீஸ்ல கேட்டாங்க. ஒரு கையெழுத்து வேணும்."

"என்னது?"

"படிச்சுட்டே போடுங்க."

அவர் படித்தார். விரல் பெயரில் போய் நின்றது. அவள் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டாள். எழுந்து போனால் போகட்டும், வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல்ல அவளிடம் என்ன இருந்தது? பொய் சொல்லி ஒரு பிள்ளையை வளர்த்தேன் என்றா?

"உதவி மையத்துல ஒரு தம்பி கேப்பாருங்க," என்று ஆரம்பித்தாள். "பூட்டிக்கிட்டா பேரைக் கேப்பாரு. அதுக்காகத்தான் நான் வேணும்னே..."

அவர் நிமிரவில்லை. தாளைப் பார்த்தபடியே, "தப்பா போட்டிருக்க," என்றார்.

"தெரியுங்க. பொய்தான். ஆனா..."

"ஏழு இல்ல. ஆறுதான். ஏழு முடிய இன்னும் இருபத்திமூணு நாளு இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணாடித் தூள் படிந்த அந்த விரல் வயதைத் தொட்டபடி இருந்தது. இந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பேனாவை வாங்கி, ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று அவரே எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில், ஊழியருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். கணவர் என்று எழுதவேண்டிய இடம். அவர் நிதானமாக, பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எழுதிய அதே பெரிய எழுத்தில், ‘தகப்பன்’ என்று எழுதினார்.

அவள் திருத்தச் சொல்லவில்லை.