கல்யாணப் பத்திரிகையில் மோட்டார் நம்பர்

என் மாமனார் வேலனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு மோட்டாருடையது.

சூலூருக்குப் பக்கத்தில் சுப்பண்ணன் தோட்டத்துக் கிணற்றில் இருக்கிறது அந்த மோட்டார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் போட்டிருக்கிறார்கள். யார் போன் போட்டாலும் ஓடும், மறுபடி போட்டால் நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். சின்ன வயதிலிருந்து அந்தத் தோட்டத்தில் வேலை செய்த மாமாதான் இன்றைக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறார். தினமும் அமுக்குகிற நம்பர் அது. தன் நம்பருக்குத் தானே யாராவது போன் போடுவார்களா? அதனால் என் நாத்தனார் பொற்கொடியின் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் நம்பர் கேட்டதும், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். யாரும் சரிபார்க்கவில்லை. தாராபுரம் வரைக்கும் பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தக் கல்யாணத்தில் மாமாவுக்கு ஒரே ஓர் ஆசை. சுப்பண்ணன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் தெருவில் எந்த விசேஷம் நடந்தாலும் சுப்பண்ணன் மாதிரித் தோட்டத்துக்காரர்கள் வருவார்கள். மரியாதையாக மொய் வைப்பார்கள். மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு, அவசர வேலை என்று கிளம்பிவிடுவார்கள். எங்கள் அடுப்பில் வெந்த சோறு மட்டும் அவர்கள் தொண்டையில் இறங்காது. என் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. நான் மதுக்கரைக்காரி, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாப்பிடாவிட்டால் போகட்டும், சாம்பார் மிச்சம் என்றேன். மாமா சிரித்தாரே தவிர, ஆசையை விடவில்லை.

சுப்பண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் கரண்ட் கட்டணத்தை எதிர்த்து மாட்டுவண்டியோடு கோயமுத்தூருக்குப் போய் ரோட்டை மறித்தவர். அவர்கள் அன்றைக்குப் போராடியதால்தான் இன்றைக்கு விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்று பெருமையாகச் சொல்வார். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் மாமாவின் அப்பா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

பத்திரிகை கொடுத்த மறுநாளே கூத்து ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் வாழ்த்துச் சொல்லப் போன் போட்டார்கள். மோட்டார் ஓடியது. அடுத்தவர் போட்டார், நின்றது. போனை எடுக்கிற பெண் 'மோட்டார் இயங்குகிறது' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாள், யார் வீட்டுப் பிள்ளை அது, மரியாதை தெரியவில்லையே என்று என் மாமியாரிடம் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அங்கே தோட்டத்தில், அறுவடைக்காகக் காயவிட்டிருந்த சின்ன வெங்காயத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

நல்லவேளை, ஒரு பாத்தியோடு தப்பித்தது. சுப்பண்ணன் ஓடிப்போய் ஸ்டார்ட்டரிலிருந்த சிம்மைப் பிடுங்கித் தன் போனில் போட்டுக்கொண்டார். வருகிற போனை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று நான் போய் அதைக் கேட்டேன். அவர் தரவில்லை. "கோவிச்சுக்காத அம்மணி, அது என் ஆதார்ல வாங்குன சிம்மு. அடுத்தவங்க கைக்குக் குடுக்கப்படாதுன்னு லோகப்பிரியா கண்டிசனா சொல்லிப்போட்டா" என்றார். லோகப்பிரியா அவர் மகள், பேங்கில் வேலை. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த போன் எல்லாம் சுப்பண்ணனுக்குப் போனது. முதலில் ராங் நம்பர் என்றுதான் சொல்லிப் பார்த்தாராம். ஆனால் ஆசையாக வாழ்த்துகிறவர்களிடம் அப்படிச் சொல்ல நம் ஊர்க்காரருக்கு வாய் வருமா? "ஆமாங்க, கல்யாண ஊடுதானுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று வழி சொன்னார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்டு அவர்களிடம் சொன்னார். தாராபுரத்திலிருந்து வரும் பாப்பாயிக்கு முட்டி வலியாம், கீழே உட்கார முடியாது, நாற்காலி போடச் சொல் என்று எனக்கே உத்தரவு வந்தது. பாப்பாயி என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த முட்டி வலி எங்களுக்கே தெரியாது! எல்லோரிடமும் கடைசியாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார், சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது என்று.

கல்யாணத்தன்று சூலூர் மண்டபத்துக்கு சுப்பண்ணன் மனைவி முத்தாத்தாளோடு வந்தார். மொய் வைத்தார். வாசல் பக்கம் ஒதுங்கி நின்றார். மாமாவும் பழக்க தோஷத்தில் ஒரு கலர் பாட்டிலோடு போய் நின்றார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அப்போதுதான் சுப்பண்ணன் யாரிடமோ பேசிய குரலைக் கேட்டுப் பாப்பாயி நொண்டி நொண்டி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, போன்ல பேசுனது நீங்கதானுங்களா? பொண்ணுக்குப் பெரியப்பனுங்களா? வாங்க, நீங்க உக்காந்தாத்தான் நானும் உக்காருவேன்."

சுப்பண்ணன் அந்தக் கையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"பெரியப்பன் இல்லீங்க ஆத்தா. போன் எடுத்தவன்" என்றார். பிறகு, "வாங்க, போலாம். ஊரையே சாப்பிடச் சொல்லிப்போட்டு நான் போனா நல்லாருக்காது" என்றார்.

முத்தாத்தாள் அதற்குள் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா எத்தனை வருசமாகப் பசியோடு திரும்பிப் போனாரோ தெரியவில்லை.

பரிமாறப் போன மாமாவைச் சுப்பண்ணன் விடவில்லை. "நீயும் உக்காரு வேலா" என்று பக்கத்து இலையைக் காட்டினார். ஒரு மனுசன் சோறு தின்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. தன் இலையைத் தொடாமல் சுப்பண்ணன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க இலையப் பாத்துச் சாப்பிடுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சுப்பண்ணன் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.