உட்காரக் கூடாத பாய்

குழம்பு சிந்திய இடம் முதலில் ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருந்தது. யூனிஸ் மண்டியிட்டு ஈரத்துணியால் ஒற்றினாள், உள்ளங்கை அகலமாயிற்று. சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள்; மஞ்சள் ஓரம் கட்டிக்கொண்டு இன்னும் பரவியது. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டு அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்தார்கள். திரும்பினாள். ஹால் வாசலில் லூபே நின்றுகொண்டிருந்தாள்.

லூபே சத்தம் போடவில்லை. கறுப்பு உடையில் மெதுவாக நடந்து வந்து, ஒவ்வொரு பிள்ளையின் தோளையும் தொட்டு எழுப்பினாள். காகிதத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். ஒட்டியிருந்த பருக்கைகளை விரல் நுனியால் பொறுக்கினாள். பிறகு பாயை மடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெளியே போனாள். யூனிஸ் பின்னாலேயே ஓடி, லூபே, லூபே என்று பார்க்கிங் வரை கூப்பிட்டாள். கார்க் கதவு சாத்திக்கொண்டது. சர்ச்சில் அன்றைக்கு அசனம், சபை விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறுமாக இன்னொரு பந்தி பாக்கி இருந்தது. திரும்பி வந்து பரிமாறினாள். யாருக்கு எதைப் போட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை.

கலிஃபோர்னியாவில், ஹேவர்டில் இருந்த அந்தச் சர்ச் பசிபிக் தீவுக்காரர்களான சமோவாக்காரர்களுடையது. ஞாயிறு காலையில் அவர்கள் ஆராதனை முடிந்து போனபின், மதியத்துக்கு மேல் ஹாலைத் தமிழ்ச் சபைக்கு வாடகைக்குத் தந்திருந்தார்கள். அலமாரிச் சாவி லூபேயிடம் இருந்தது. நம்பிக்கையின்பேரில் அதன் நகல் ஒன்றை யூனிஸுக்குக் கொடுத்திருந்தாள். இந்தத் தடவை ஊர் முறைப்படி தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். கொண்டுவந்த ஜமக்காளம் பிள்ளைகள் வரிசைக்குப் போதவில்லை. அலமாரியில் வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு பாய் இருந்தது. தாழை ஓலைதான், ஆனால் பட்டுத் துணிபோல மடிந்தது. ஓரத்தில் சிவப்பு இறகுகள். இவ்வளவு நல்ல பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தால் லூபேக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று யூனிஸ் உண்மையாகவே நினைத்தாள். அவள் வளர்ந்த வீட்டில் விருந்தாளி வந்தால்தான் நல்ல பாய் பரணிலிருந்து இறங்கும்.

அன்று மாலை சமோவாப் பாஸ்டர், யூனிஸின் கணவர் தேவதாஸுக்கு ஃபோன் செய்து, குரலை உயர்த்தாமல் விளக்கினார். அதற்கு இயே தோங்கா என்று பெயர். ஒருத்தி மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து முடைவது. யாரும் அதில் உட்காருவதில்லை. கல்யாணத்திலும் சாவிலும் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கும். வாங்கினவர்கள் பத்திரமாக வைத்திருந்து பிறகு கொடுப்பார்கள். இது டுட்டுய்லா தீவில் லூபேயின் அப்பா வழியில் பல கைகள் மாறி வந்தது. அப்பா போன வாரம் இறந்துவிட்டார். வருகிற சனிக்கிழமை அடக்கம். சவப்பெட்டியின்மேல் விரிக்கத்தான் லூபே அதைக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

அப்பா இறந்தது யூனிஸுக்குத் தெரியும். வியாழக்கிழமை அந்த வீட்டுக்கு இடியாப்பம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

தேவதாஸ் சபைச் செயலாளர். உடனே மெயில் எழுதினார்: வருந்துகிறோம், நிபுணர்களை வைத்துச் சுத்தம் செய்து தருகிறோம், மாற்றுப் பாய் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்கிறோம். மன்னித்தோம், காட் ப்ளெஸ் யூ என்று பாஸ்டரிடமிருந்து பதில் வந்தது. அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. யூனிஸுக்கு முடியவில்லை. லூபேயும் அவளும் ஒரே டேகேரில் வேலை பார்ப்பவர்கள். சாவுக்காக லூபே லீவில் இருந்தாள். ஃபோன் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. யூனிஸ் ஃபிரிட்ஜைத் திறந்து எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். கடையில் வரிசை வரிசையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டு, வெறும் கொத்தமல்லிக் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தால் தொடைக்குக் கீழே அந்தப் பாயின் மென்மை தட்டுப்படுவதுபோல் இருந்தது.

டேகேரில் பிள்ளைகள் தூங்கும் மதியங்களில் பேசிப் பேசித்தான் அவர்கள் சிநேகிதமானார்கள். லூபேயின் தீவுக்கு வேதம் கொண்டுபோனதும், யூனிஸின் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்ததும் ஒரே லண்டன் மிஷன் சங்கம் என்று ஒருநாள் தெரிந்தது. உங்களிடம் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று லூபே கேட்டாள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், எங்கள் பெண்களை மேலே சட்டை போடச் சொன்னார்கள், போட்டதற்காக மேல்சாதிக்காரர்கள் தெருவில் வைத்துக் கிழித்தார்கள், என்றாலும் விடவில்லை என்றாள் யூனிஸ். லூபே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களையும் மூடிக்கொள்ளத்தான் சொன்னார்கள், நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லையே என்றாள். ஆடாதே, பச்சை குத்தாதே, தலையில் தொப்பி வை. அப்புறம் ஜெர்மன்காரன் தென்னந்தோப்பு போட வந்தான், அமெரிக்கன் கப்பலுக்குக் கரி ஏற்ற வந்தான், கடைசியில் மேஜையில் வைத்துத் தீவுகளைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். பிறகு நியூசிலாந்துக்காரன் ஆண்ட பக்கத்தில் ஒரு கப்பல் காய்ச்சலைக் கொண்டுவந்து இறக்கியதில் ஐந்தில் ஒருவர் போய்விட்டார்கள். துறைமுகத்தை மூடியதால், அமெரிக்கன் ஆண்ட லூபேயின் பக்கம் தப்பியது. சமாதானமான விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் எல்லாவற்றையும் சொல்வாள்.

அவள் அப்பா, அமெரிக்கக் கடற்படை தளத்தை மூடிவிட்டுக் கிளம்பியபோது சிறு பையனாக அந்தக் கப்பலிலேயே கலிஃபோர்னியா வந்தவர். வியட்நாமில் சண்டை போட்டவர். ஆனாலும் அவர் பாஸ்போர்ட்டில், இவர் அமெரிக்காவுக்கு உரியவர், ஆனால் குடிமகன் அல்ல என்று அச்சடித்திருக்கும். ஓட்டுக் கிடையாது. மனுப்போட்டால் குடியுரிமை கிடைக்கும். என் தீவுக்கு இவர்கள் வரும்போது மனுப்போட்டா வந்தார்கள் என்று கேட்டுச் சாகும்வரை போடவில்லை. கிரீன் கார்டுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போயிருந்த யூனிஸுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. அடக்கத்தன்று அப்பா பெட்டிமேல் அரசாங்கம் கொடி போர்த்தும். அதற்குமேல் என் பாய் இருக்கும் என்று இடியாப்பம் வாங்கிக்கொண்டபோது லூபே சொன்னாள். எந்தப் பாய் என்று யூனிஸ் கேட்கவில்லை.

புதன்கிழமை லூபேயிடமிருந்து இங்கிலீஷில் ஒரே ஒரு செய்தி வந்தது. "வந்தவங்க எல்லாத்தையும் மாத்தினாங்க. பாயை மட்டும் விட்டுட்டாங்க, அவங்களுக்கு அது வெறும் பாய். நீ பாய் தெரிஞ்ச ஊர்க்காரின்னு நெனச்சேன்."

யூனிஸ் அதைத் தேவதாஸிடம் காட்டினாள். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தார்.

"பாஸ்டர் எழுதியாச்சுல்லா, காட் ப்ளெஸ் யூன்னு. பெறவு என்ன?"

"பாஸ்டருக்க பாயா அது?"

அவர் லேப்டாப்பை மூடினார். கொஞ்ச நாள் போனால் அவளே சரியாகிவிடுவாள், சபைக்கு வேறு ஹால்கூடப் பார்த்துவிட்டேன் என்றார். ஹால் கிடைக்கும் என்று யூனிஸுக்கும் தெரியும். இந்த ஊரில் பதினோரு வருஷத்தில், அவள் இங்கிலீஷ் தடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் காத்திருந்த ஒரே ஆள் லூபே. அது எந்தத் தெருவில் வாடகைக்குக் கிடைக்கும்?

மகள் ஃபெபிதான் அன்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டைத் தள்ளிவிட்டு ஃபோனை நீட்டினாள். பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சமோவாக்காரர்களிடம் இஃபோங்கா என்று ஒன்று இருக்கிறது என்றாள். தப்புச் செய்தவன் விடியற்காலையில், தன்னால் நொந்தவர்கள் வீட்டு முற்றத்தில் போய் உட்காருவான், தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு. பேசமாட்டான். வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் அடித்தும் இருக்கிறார்கள். ஃபோனில் ஓடிய வீடியோவில் நியூசிலாந்துப் பிரதமரே அப்படி உட்கார்ந்திருந்தார், முன்பு தீவுக்காரர்களை விடிகாலையில் வீடு புகுந்து பிடித்துத் துரத்தியதற்காக. பெரிய பாய் ஒன்றை நாலுபேர் பிடித்து அவரை மூடினார்கள். யூனிஸ் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

தேவதாஸுக்கு விஷயம் புரிந்ததும் பதறிவிட்டார். "நம்ம கிரீன் கார்டு ஃபைல் இப்பந்தான் மூவ் ஆகுது. நீ யாரு வீட்டு லான்லயோ போயி உக்காந்து, அக்கம்பக்கத்துல எவனாவது போலீஸ கூப்பிட்டா? ட்ரெஸ்பாஸிங்னு சொல்லுவான் யூனி. அது அவங்க வழக்கம். நமக்கு எதுக்கு?"

"தப்பு நம்மளோடதுல்லா."

"அதுக்கு? உங்கிட்ட போத்த பாய் இருக்கா மொதல்ல?"

இல்லை. கைக்குக் கிடைத்த ஒரே பாயைத்தான் கறையாக்கியிருந்தாள். யூனிஸ் தட்டுகளை எடுத்தாள். ஃபெபி அவளைத் தாண்டிப் போகும்போது, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "அம்மா, ஜஸ்ட் கோ" என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஃப்ரீவேயில் மூடுபனி, வேலைக்குப் போகும் கார்கள் சிவப்பு விளக்குகளாக ஊர்ந்தன. லூபேயின் தெருவில் இரு பக்கமும் சொந்தக்காரர்களின் வண்டிகள். கராஜ் கதவு பாதி ஏறியிருந்தது. உள்ளே மடக்கு நாற்காலிகள், சாவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த டப்பா மீன் பெட்டிகள் அடுக்கடுக்காக. முன்புறப் புல்லில், வாசலுக்கு நேராக உட்கார்ந்தாள். சர்ச்சில் ஜெபத்துக்குச் செய்வதுபோல முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். பனி புடவையில் ஊறி முழங்காலுக்கு ஏறியது.

மனம் நிற்கவில்லை. பின்னடுப்பை அணைத்தோமா. ஃபெபிக்கு டப்பா கட்டவில்லை. இவர்கள் முறையில் குடும்பமே சேர்ந்து உட்காரும், ஒற்றைப் பொம்பளை வந்து உட்கார்ந்தால் கேலி செய்வதுபோல் ஆகுமா. நானும் வந்தவர்களில் ஒருத்தி, பார்த்ததை எல்லாம் எடுத்து என் இஷ்டத்துக்கு விரிக்கிறவள். எழுந்து ஓடிவிடலாம் என்று கால் விரல்கள் துடித்தன. மடியில் ஃபோன் அதிர்ந்து நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. தேவதாஸாகத்தான் இருக்கும். நாயோடு நடந்துபோன ஒருவர் நின்று, மேடம், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். காத்திருக்கிறேன் என்றாள். அவர் வீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஃபோனைக் கையில் எடுத்தபடியே மெல்ல நகர்ந்தார்.

கதவு திறந்தது. ஒரு வயதான ஆள் வெளியே வந்து, இடுப்பில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு அவளையே பார்த்து நின்றார். பிறகு உள்ளே திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பேச்சு எழுந்தது, ஒரு பெண் குரல் கோபமாக, இன்னொன்று அதை அடக்குவதுபோல. கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சம் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல்களில் திரை விலகியது. யூனிஸுக்குக் காது வழியாகத்தான் உலகம் வந்தது. அதில் ரப்பர்ச் செருப்பின் ஓசை படியிறங்கி, புல்லை நெருங்கி, அவளுக்கு எதிரே நின்றது.

"தலைமேல பாய் இல்லாம உக்காந்தா," என்றாள் லூபே, "அதுக்குப் பேரு சும்மா உக்காந்திருக்கறது."

அழுது கம்மிய குரல். யூனிஸ் நிமிரவில்லை. நிமிரலாமா என்று தெரியவில்லை. செருப்பு திரும்பிப் போயிற்று. போய்விட்டாள் என்றே நினைத்தாள். பிறகு மறுபடியும் படியில் ஓசை, ஓலை மடிப்புப் பிரியும் சரசரப்பு. தலையிலும் தோளிலும் முதுகிலும் ஒரு மென்மையான கனம் வந்து இறங்கியது. காலை வெளிச்சம் மங்கிப் பழுப்பாயிற்று.

உள்ளே தாழை மணத்தது. பின்னலின் கண்கள் வழியாக வெளிச்சம் ஆயிரம் புள்ளிகளாக அவள் கைகளில் விழுந்தது. தூரத்தில் ஏதோ ஒரு வண்டி தெருவுக்குள் திரும்பி மெதுவாக வந்துகொண்டிருந்தது. குப்பை வண்டியா, போலீஸா, தெரியவில்லை. அவள் அசையவில்லை. பாய் விளிம்புக்குக் கீழே, சிவப்பு இறகுகளுக்கு அப்பால், ஈரப் புல்லில் லூபேயின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவையும் அசையவில்லை.