சம்மதந்தானா

"பிள்ளைய அக்காவுக்கே குடுத்திருதியா? முழுச் சம்மதந்தானா?" என்று ஞானஸ்நானச் சான்றை எழுதிக்கொண்டே சாமியார் பிலோமினாவிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற அக்கா பிளாரன்ஸ், "சம்மதந்தான் சாமி" என்றாள்.

"ஒன்னயக் கேக்கல. பெத்தவ சொல்லட்டும்."

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் புருஷன் சிலுவை போன தோணி ஐப்பசிப் புயலோடு திரும்பாமல் போய்விட்டது. மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு உப்பளத்தில் உப்புச் சுமந்தாள். கால் வெடித்து உப்புநீர் இறங்கியது. பிள்ளைகளின் வயிறு நிறையவில்லை. துக்கம் கேட்கக் கொழும்பிலிருந்து வந்த அக்கா பிளாரன்ஸுக்குப் பிள்ளையில்லை. நடுப்பிள்ளை புஷ்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இவள நான் வளக்கட்டா?" என்று கேட்டாள். முன்பானால் கையைப் பிடித்துக் கப்பலேற்றியிருக்கலாம். இப்போது அங்கும் சுதந்திரம் வந்து புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கிலீஷில் தத்துப் பத்திரம் வேண்டும். அதில் நோட்டரியும் மாஜிஸ்திரேட்டும் முத்திரை போட்டால்தான் அந்த நாட்டில் செல்லும்.

வக்கீல் குமாஸ்தா ஆறுமுகநயினார் பத்திரத்தை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். "இன்று முதல் மேற்படி மைனர் பெண்ணின்பேரில் எனக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது."

"யாதொருன்னா என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்."

"போய்ப் பாத்துக்கிடலாம்லா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது ஒங்க அக்கா மனசும்மா. பத்திரத்துல அதுக்கு எடமில்ல."

அவளிடம் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, இன்னொன்றும் சொல்லியனுப்பினார். கப்பலடியில் பிள்ளை அம்மையைத் தேடி அழுதால் அதிகாரி சந்தேகப்பட்டு நிறுத்திவிடலாம். அதற்குள் பிள்ளையைப் பெரியம்மாளிடம் பழக்கிவிட வேண்டும். பிலோமினாதான் பழக்கினாள். சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்க அம்மை யாரு?" என்று கேட்பாள். பிள்ளை பிளாரன்ஸைக் காட்டினால்தான் வாயில் ஊட்டுவாள்.

நோட்டரியும் சாமியாரைப்போலவே சம்மதந்தானா என்று கேட்டார். அவளால் மெல்லச் சொல்ல முடிந்தது. கச்சேரியில் மாஜிஸ்திரேட் கேட்டு முடிப்பதற்கு முன்பே, "சம்மதந்தான் எசமான்" என்றாள். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏளா, ஏன் நிக்க?"

"ஒண்ணுமில்லக்கா. வாய் பழகிட்டு."

கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. அதுவரை ஆட்களைக் கொண்டுபோகும் லாஞ்சு துறைமுகப் பாலத்தடியில் காத்துக் கிடந்தது. அதிகாரி முத்திரைகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஒங்க அம்மை யாரு பாப்பா?"

புஷ்பத்தின் ஒரு கை பிலோமினாவின் பிடியில்தான் இருந்தது. மறுகையால் பிளாரன்ஸைக் காட்டினாள். "இவங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப நீ யாரும்மா?"

பெற்றவள் என்று சொன்னால் இவரும் சம்மதந்தானா என்று கேட்பார். இன்னொரு தடவை கேட்டால் என்ன சொல்வோமென்று அவளுக்கே தெரியவில்லை.

"சித்திங்கய்யா" என்றாள்.

சித்திக்கு லாஞ்சில் ஏற அனுமதியில்லை. பிளாரன்ஸ் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுவேன் பிலோமி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். புஷ்பம் அழவில்லை. லாஞ்சு கிளம்பி நீர் நுரைத்தபோதுதான் திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். வழியனுப்ப வந்த கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடினாள். பிறகு, சற்றுத் தள்ளி பிலோமினாவைப்போலவே நீலச் சேலை கட்டி நின்ற யாரோ ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள்.

அந்தப் பெண்ணும் பதிலுக்கு ஆட்டினாள். பிலோமினா தன் கையையும் உயர்த்தினாள், கூப்பிடவில்லை. லாஞ்சு சிறுத்துக்கொண்டே போனது. அந்தச் சின்னக் கை அசைந்துகொண்டே இருந்தது.